கடைசி வரிசைக்கு ஒரு விதி

ஐப்பசி 4, செவ்வாய்

விடியலிலிருந்து தூறல். வாசலில் நேற்றைய பட்டாசுக் காகிதம் ஊறிக் கிடக்கிறது. கூட்டினால் துடைப்பத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. பாதி வாசலோடு விட்டுவிட்டேன்.

செய்ய வேண்டியவை: முழங்காலுக்குத் தைலம் வாங்க. இட்லிக்கு அரைக்க. கரண்ட் பில் (அவரே கட்டுவதாகச் சொன்னார், நம்ப முடியாது). நிலாவின் பதினேழாம் அத்தியாயம் படித்துக் குறிப்பு அனுப்ப.

கடைசியில் இருப்பதைத்தான் முதலில் செய்தேன்.

அவர் இந்த நோட்டைத் தொடமாட்டார். இருந்தும் அந்தப் பாட்டுக் குழுவின் பெயரை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது. கொரியாக்காரர்கள். ஐந்து பையன்கள். ஆடிக்கொண்டே பாடுவார்கள். இவ்வளவு போதும். முழங்கால் ஆபரேஷன் முடிந்து படுக்கையில் கிடந்தபோது, பார்த்துக்கொள்ள வந்திருந்த மகளின் கைப்பேசியில் ஒரு பாட்டு ஓடியது. ஐவரில் நடுவே நிற்பவன் பாடினான். ஒரு சொல்லும் புரியவில்லை. வலி கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்ட மாதிரி இருந்தது. மகள் ஊருக்குப் போய்விட்டாள். பாட்டு போகவில்லை.

வயது அறுபத்திரண்டு. வாழ்நாளெல்லாம் கணக்கு வாத்தியாரம்மா. இப்போது ரசிகை. இதை வெளியே சொன்னால் ஆட்டையாம்பட்டியில் முறுக்கு வாங்கக்கூடக் கடைக்குப் போக முடியாது.

கைப்பேசியில் ஒரு குரூப். சேலம், நாமக்கல் பக்கத்துப் பெண்கள். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. நடுவே நிற்பவனுக்கு அவர்கள் வைத்த பெயர் நடுவன். எனக்கு வைத்த பெயர் கணக்கக்கா. முப்பது, முப்பத்தைந்து வயது என்று நினைத்திருக்கிறார்கள். நான் திருத்தவில்லை.

நிலா அங்கே கதை எழுதுகிறாள். ரசிகர்கள் தங்களுக்குப் பிடித்தவர்களை வைத்து எழுதும் கற்பனைக் கதை. புகழ் சலித்துப்போன நடுவன் யாருக்கும் தெரியாமல் ஓடிவந்து நாமக்கல்லில் ஒரு முட்டைக் கிடங்கில் அட்டை அடுக்கும் வேலைக்குச் சேர்ந்துவிடுகிறான். முதலாளியை "ஏனுங்க" என்று கூப்பிடப் பழகுகிறான். அவன் யாரென்று தெரிந்தவள் கிடங்கில் கணக்கு எழுதும் மல்லிகா மட்டும். சிரிக்காமல் படிக்க முடியாது. சில இடங்களில் அழாமலும்.

இன்று நான் அனுப்பிய குறிப்பு: அட்டைக்கு முப்பது முட்டை. நடுவன் ஒரே தடவையில் இருபது அட்டை தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிறான். அறுநூறு முட்டை, எடை முப்பது கிலோவுக்கு மேல். மைக் பிடிக்கிற பையன் நாலு படி தாண்டமாட்டான்.

நிலா பதில்: "மல்லிகா பாத்துட்டிருந்தா ஏறுவானுங்கக்கா."

சரிதான். விட்டுவிட்டேன்.

ஐப்பசி 5, புதன்

மழை விட்டது. துணி காயவில்லை. அவர் கரண்ட் பில் கட்டவில்லை.

குரூப் ஒரே அமர்க்களம். பையன்களின் கச்சேரியைப் படமாக எடுத்திருக்கிறார்களாம். சனிக்கிழமை சேலத்தில் ஒரே ஒரு காட்சி, காலையில். எல்லாரும் போகிறார்கள். தியேட்டரில் எப்படி நடந்துகொள்வது என்று நாள் முழுக்கப் பேச்சு.

"எந்திரிச்சு ஆடலாமா கூடாதா?"

"ஆடாம என்ன, தவமா பண்றது?"

"போன தடவ ஒருத்தி சீட்டு மேல ஏறி நின்னா. பின்னால ஒரு பாப்பா ஒண்ணும் தெரியலைன்னு ஓன்னு அழுதுச்சுங்க. பாவமா இருந்துச்சு."

"அப்ப ஒரு விதி போடுங்க. கணக்கக்கா போடட்டும்."

போட்டேன். வேகப் பாட்டுக்கு நிற்கலாம், மெதுப் பாட்டுக்கு உட்கார வேண்டும். வீடியோ எடுக்கக் கூடாது. காகிதம், கவர் எதையும் கீழே போடக் கூடாது. நிற்க ஆசைப்படுகிறவர்கள் எல்லாரும் கடைசி வரிசையில் டிக்கெட் எடுக்க வேண்டும். பின்னால் சுவர்தான். யாருக்கும் மறைக்காது.

கடைசி விதிக்கு ஏகப்பட்ட கைதட்டல் படம் வந்தது. "இதுக்குத்தான் கணக்கக்கா வேணுங்கறது" என்றாள் நிலா.

நடுவன் தனியாகப் பாடும் பாட்டுக்கு விதி தேவையில்லை. அது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். தொண்டையில் ஆபரேஷன் ஆகி, இனி பாடுவானா என்றிருந்து, திரும்ப மேடை ஏறிப் பாடிய முதல் பாட்டு. அது வந்தால் ரசிகர்கள் உட்கார்ந்துவிடுவார்கள். கூடப் பாடமாட்டார்கள். கையில் கொண்டுவந்த விளக்கை மட்டும் தூக்கிப் பிடிப்பார்கள்.

நிலா: "நான் அந்த ஒரு பாட்டுக்காகத்தானுங்க வாரேன். மத்ததெல்லாம் சும்மா. கணக்கக்கா, நீங்களும் வாங்க, பாக்கலாம்."

கால் வலி, முடியாது என்று எழுதினேன். ஏற்கெனவே டிக்கெட் எடுத்தாகிவிட்டது. கடைசிக்கு முந்தின வரிசை, ஓர இருக்கை. அவர்களுக்குப் பக்கத்தில் இருக்கலாம், அவர்களில் ஒருத்தியாகத் தெரியவேண்டியதில்லை என்று கணக்குப் போட்டிருந்தேன்.

ஐப்பசி 8, சனி

போய் வந்தேன். எழுத வரவில்லை.

ரசம் மட்டும் வைத்தேன்.

ஐப்பசி 9, ஞாயிறு

எழுதிவிடுகிறேன்.

அவரிடம் பேங்க் வேலை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் உறைத்தது, நான்காம் சனிக்கிழமை, பேங்க் விடுமுறை. கணக்கு வாத்தியாரம்மா சொல்கிற பொய்யின் லட்சணம். பச்சைச் சேலை. நல்லது உடுத்திக்கொள்ள ஆசையாக இருந்தது.

தியேட்டரில் முன்பக்கம் ஏழெட்டுக் குடும்பங்கள். கடைசி வரிசை முழுக்கப் பெண்கள். ஒருவரையொருவர் குரூப் பெயரைச் சொல்லி அடையாளம் கண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முதுகெல்லாம் காதாக இருந்தது.

"நீதான் பஞ்சுமிட்டாயா? நெனச்ச மாதிரியே குண்டா இருக்கற."

"உன்ற மூஞ்சிக்கு நீ என்னையச் சொல்றியா."

"கணக்கக்கா வந்திருந்தா நல்லாருந்திருக்கும்."

"அவுங்க வந்தா டிக்கெட்டுக்கு மீதி சில்லறையெல்லாம் சரி பார்ப்பாங்க, விடு."

திரும்பி, நான்தான் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. விளக்கு அணைந்தது.

இரண்டாம் பாட்டில் இசை நிற்கும் இடத்தில் ரசிகர்கள் ஐவர் பெயரையும் வரிசையாகச் சொல்லவேண்டும். பின்னால் எழுந்து நின்று ஒரே குரலாகச் சொன்னார்கள். நானும் வாய்க்குள் சொன்னேன். முந்தானைக்குள் கை தாளம் போட்டது. எப்போது கடைசியாக இப்படி இருந்தேன், தெரியவில்லை.

முன்னால் ஒருவர், குழந்தையோடு வந்தவர், எழுந்து திரும்பினார். "ஏம்மா, நாங்க படம் பாக்க வந்தமா, உங்க கூத்தப் பாக்க வந்தமா?"

பின்னாலிருந்து ஒரு சின்னப் பெண்: "கச்சேரிங்கண்ணா இது. கச்சேரிக்கு வந்து சத்தம்னா எப்புடீங்க?"

சிரிப்பு. அவருக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. வெளியே போய் மேனேஜரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மேனேஜர் டார்ச் அடித்தபடி படியேறினார். வெளிச்சம் முதலில் என் முகத்தில்தான் விழுந்தது.

"டீச்சர்? நீங்க எங்கீங்க இங்க?"

குமரேசன். என்னிடம் பத்தாம் வகுப்புப் படித்தவன். அந்தத் தியேட்டரில் மேனேஜராக இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது.

"பேத்தி வாரேன்னு சொன்னா. வரல. டிக்கெட் வீணாப் போகுதேன்னு வந்தேன்" என்றேன்.

எனக்குப் பேத்தி இல்லை. மகளுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.

"இவுங்க சத்தம் உங்களுக்கும் தொந்தரவுங்களா டீச்சர்? நீங்க சொன்னாச் சரிங்க."

இல்லை என்று ஒரு சொல். அதைச் சொல்லியிருந்தால் குமரேசன் போயிருப்பான். ஆனால் டார்ச் இன்னும் என் மேல் இருந்தது. இந்த வயதில் இதைப் பார்க்க வந்திருக்கிறாள் என்று அவன் கண்டுபிடித்துவிடுவானோ என்று ஒரே நினைப்பு. வேறு எதுவும் மண்டையில் இல்லை.

"தொந்தரவுதான் குமரேசா."

அதோடு நிறுத்தவில்லை. எழுந்து நின்று பின்னால் திரும்பினேன். எனக்கு நேர் பின்னால் உயரமாக ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். காதோரம் நரை. தண்ணீர் பாட்டிலுக்குள் டார்ச் வைத்து, நீலக் காகிதம் ஒட்டி, தானே செய்த விளக்கு கையில். சின்னப் பெண்கள் அத்தனை பேர் இருக்க அவளைப் பார்த்துத்தான் சொன்னேன். வகுப்பறைக் குரலில்.

"உங்க வயசுக்கு இது நல்லாவா இருக்குது? ஊட்டுல பிள்ளைங்க இருக்குமே. அதுங்க பாத்தா என்ன நெனைக்கும்?"

அவள் விளக்கை அணைத்தாள். "சரிங்க டீச்சர்" என்றாள். பையை எடுத்துக்கொண்டு வரிசையை விட்டு வெளியே நடந்தாள்.

"நிலாக்கா, போகாதீங்கக்கா. உக்காருங்க. நிலாக்கா."

அப்போதுதான் தெரிந்தது.

கதவு திறந்து மூடியது. மற்றவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். குமரேசன், "ரொம்ப நன்றிங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனான். அடுத்த பாட்டுத்தான் நடுவன் பாட்டு.

நான் எழுந்து போகவில்லை. இருந்தேன். இதற்கு மேல் இன்று வேண்டாம்.

ஐப்பசி 10, திங்கள்

வெயில். அரிசியில் வண்டு, காயப் போட்டேன்.

குரூப்பில் என்னைப் பற்றித்தான். பெயர் வைத்துவிட்டார்கள்: பச்சச் சேல.

"பச்சச் சேல படம் முடியற வரைக்கும் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருந்துச்சு, பாத்தியா?"

"பேத்தியாமா பேத்தி. அந்தப் பேத்தி தப்பிச்சது பெரிய விசயம்."

"ரூல் போட்டது கணக்கக்கா. நாம ரூல் பிரகாரம் கடைசி வரிசைலதான நின்னோம்? யாருக்கு மறைச்சுது? கணக்கக்கா, நீங்களே சொல்லுங்க."

நானே சொல்ல வேண்டுமாம். "நீங்கள் செய்தது சரிதான். அந்த அம்மாள் செய்தது தப்பு" என்று எழுதினேன். எல்லாரும் இதயம் அனுப்பினார்கள்.

இதைவிடக் கேவலம் ஒன்றுண்டா. என்னை நானே திட்டிப் பாராட்டும் வாங்கிக்கொண்டேன்.

நிலா ஒன்றும் எழுதவில்லை.

ஐப்பசி 12, புதன்

மதியம் தனியாக நிலாவிடமிருந்து செய்தி.

"அக்கா, பதினெட்டாவது எழுதீட்டேன். இதுதான் கடைசிங்க. நடுவனைத் திருப்பி அனுப்பீட்டேன். நல்லவேளை நீங்க அன்னைக்கு வரல. வந்திருந்தா எனக்கு இன்னும் வெக்கமாப் போயிருக்கும்."

ஏன் கடைசி என்று கேட்டேன். தெரியாத மாதிரி.

"அந்தம்மா சொன்னதுல என்ன தப்புங்க? எனக்கு நாப்பத்தி ஒண்ணு. பையன் பன்னெண்டாவது படிக்கறான். அவுங்க லாரில போனா வார பத்து நாளாகுது. கிடங்குல கணக்கெழுதீட்டு வந்து, சோறாக்கிப் போட்டு, மிச்ச நேரத்துல எழுதறது. இத்தன நாளு யாரும் ஒண்ணும் சொல்லல. சொன்னதுக்கப்பறம் பேனா எடுத்தா அந்தக் குரல்தான் கேக்குது."

மல்லிகா என்பவள் இவள்தான் என்று எனக்கு ஏன் தோன்றவே இல்லை. முட்டை எடை வரை சரிபார்த்தேனே.

அத்தியாயத்தைப் படித்தேன். கிடங்குக்கு ஒரு டீச்சரம்மா முட்டை வாங்க வருகிறாள். பச்சைச் சேலை. கண் பூனைக் கண். பல் வெளியே தெரிகிறது. நடுவன் வேலை செய்துகொண்டே பாடுவதைக் கேட்கிறாள். போலீசைக் கூப்பிடுகிறாள். அவர்கள் அவனைக் கொரியாவுக்கு அனுப்பிவிடுகிறார்கள். மல்லிகா மறுநாள் வழக்கம்போலக் கணக்கு எழுதுகிறாள். முற்றும்.

கடைசி வரி: "அதற்குப் பிறகு கிடங்கில் யாரும் பாடவில்லை."

குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். தொட்டி நிரம்பி வழிகிறது என்று அவர் கத்தினார்.

ஐப்பசி 13, வியாழன்

குறிப்பு அனுப்ப வேண்டும். காலையில் உட்கார்ந்தேன்.

பல் வெளியே தெரிகிறது என்பதைத் திருத்தச் சொல்லலாம் என்றிருந்தேன். எனக்குப் பல் வரிசையாகத்தான் இருக்கிறது. பிறகு, அதைச் சொல்ல நான் யார்.

எழுதியது: டீச்சரம்மாவை முழுக் கெட்டவளாக வைத்தால் படிக்கிறவர் நம்பமாட்டார். உதாரணமாக, ஒரு பிள்ளை பரீட்சையில் பக்கத்துப் பேப்பரைப் பார்க்கிறது. திருட்டுப் பிள்ளை என்று எழுதிவிடலாம். ஆனால் வீட்டில் அடி விழும் என்று பயந்து பார்த்தது என்றால் அது கதை. அவள் போலீசைக் கூப்பிட என்ன காரணம்?

நிலா: "காரணம் என்னங்க காரணம். சில பேருக்கு அடுத்தவங்க சந்தோசமா இருந்தா பொறுக்காதுங்க. அவ்வளவுதான்."

அப்படி இல்லை என்று தட்டினேன். அழித்தேன். ஒருவேளை அப்படித்தானோ. நின்று கத்த நிலாவால் முடிகிறது, என்னால் முந்தானைக்குள் தாளம் போடத்தான் முடிகிறது. அந்த வயிற்றெரிச்சல் கொஞ்சமும் இல்லை என்று சத்தியம் பண்ண முடியுமா. தெரியவில்லை.

"கதையை முடிக்காதே" என்று மட்டும் அனுப்பினேன்.

"நீங்க ஒருத்தர்தான் சொல்றீங்க. உங்களுக்காகத்தான் இத்தன நாள் எழுதுனேன்னு கூடச் சொல்லலாம். ஆனா வரலைங்கக்கா."

தைலம் தீர்ந்துவிட்டது.

ஐப்பசி 14, வெள்ளி

குமரேசனுக்குப் போன் செய்தேன். நம்பர் தேடிப் பிடிக்கவே பாதி நாள் போயிற்று. அந்தப் படத்தை இன்னொரு தடவை போட முடியுமா என்று கேட்கத்தான். நிலாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டிவிட்டால் பாதி சரியாகிவிடும் என்று ஒரு நப்பாசை.

"அது ஒரே ஒரு ஷோதானுங்க டீச்சர். படம் குடுத்தவங்களே நிறுத்தீட்டாங்க. எதுக்குங்க, பேத்தி அழுவுதா?"

"பேத்தி இல்ல குமரேசா. எனக்குத்தான்."

சிரித்தான்.

"நெசமாத்தான் சொல்றேன். எனக்கு அன்னைக்குத் தொந்தரவே இல்ல. எனக்கு அந்தப் பாட்டெல்லாம் தெரியும். அதுக்குத்தான் வந்தேன். தப்பாச் சொல்லிப்போட்டேன். அந்தப் பொண்ணு பாவம்."

"டீச்சர், நீங்க எப்பவும் தமாசுங்க. அன்னைக்கு நீங்க ஒரு வார்த்த சொன்னீங்க பாருங்க, கம்முனு அடங்கீட்டாளுக. ஸ்டாஃப்கிட்டயெல்லாம் சொன்னேன், எங்க டீச்சர் இன்னும் அப்படியேதான் இருக்காங்கன்னு."

எங்க டீச்சர். எத்தனை பெருமை அவன் குரலில். இந்தப் பெருமை கெட்டுவிடக் கூடாதென்றுதான் அன்று எழுந்து நின்றேன். இப்போது நானே கெடுக்கப் பார்த்தாலும் கெடமாட்டேன் என்கிறது.

இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். "சரி சாமி, வச்சர்றேன்" என்று வைத்துவிட்டேன்.

ஐப்பசி 15, சனி

மேகம். மழை வரும் போல வந்து வரவில்லை.

அவரிடம் சொன்னேன். முதலில் யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும் போலிருந்தது. செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு, குரூப், தியேட்டர், எல்லாம் சொன்னேன்.

சத்தத்தைக் குறைத்தார். "அந்தக் கொரியாப் பசங்களா?"

"உங்களுக்கு எப்புடித் தெரியும்?"

"காதுல மாட்டிக்கிட்டு நீ பாத்திரம் வெளக்கறப்ப வாய் அசையுது. எனக்கென்ன கண்ணா இல்ல." பிறகு, "அந்தப் பொண்ணுகிட்டச் சொன்னியா?"

"இல்ல."

"என்கிட்டச் சொல்லி என்ன பண்றது. நானா எந்திரிச்சுப் போனேன்?"

மறுபடி சத்தத்தைக் கூட்டிவிட்டார். கரண்ட் பில் கட்டிவிட்டாராம்.

ஐப்பசி 16, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

எழுதி அனுப்பத்தான் நினைத்தேன். எழுதினால் நல்ல வாக்கியமாக வந்து தொலைக்கிறது. நல்ல வாக்கியத்தில் தப்பு சின்னதாகத் தெரிகிறது. அதனால் குரலில் பேசி அனுப்பினேன். இதுவரை அங்கே நான் குரல் கொடுத்ததே இல்லை. என் குரலை அவள் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறாள். அதைக் கேட்டால் நான் விளக்கவே தேவையில்லை.

சொன்னது, நினைவில் உள்ளபடி:

"நிலா, கணக்கக்கா பேசறேன். இந்தக் குரல் உனக்குத் தெரியும். பச்சச் சேல நான்தான். எனக்கு அறுவத்திரண்டு வயசு. பேத்தி கீத்தி யாரும் இல்ல. நடுவன் பாட்டக் கேக்கத்தான் வந்தேன். அந்த மேனேஜர் என்கிட்டப் படிச்ச பையன். அவன் என்னயக் கண்டுபிடிச்சிருவான்னு பயந்து உன்னயத் திட்டுனேன். உன்ற வயசப் பத்திச் சொன்னனே, அது என்ற வயசு. எனக்கு நானே சொல்லிக்கிட்டிருந்தத உன் மேல போட்டுட்டேன். நீ நின்ன இடம் நான் சொன்ன இடம். நீ ஒரு தப்பும் பண்ணல. கதைய நிறுத்தறதுன்னா நிறுத்து, ஆனா அந்தக் குரலுக்காக நிறுத்தாத. அது பயந்தாங்கொள்ளிக் குரல், சாமி."

நடுவில் குக்கர் விசில். அதுவும் பதிவாகியிருக்கும்.

குரூப்பிலும் சொல்ல வேண்டும். அவளிடம் முதலில். அவள் பதில் பார்த்துவிட்டு. இதுவும் தள்ளிப்போடுவதுதானா?

மாலை வரை அவள் அதைத் திறந்து கேட்கவில்லை.

ஐப்பசி 17, திங்கள்

கேட்டுவிட்டாள். பதில் இல்லை.

கீரை ஆய்ந்தேன். பாட்டுக் கேட்கவில்லை. கேட்க உரிமை இல்லாத மாதிரி.

குரூப்பில் சொன்னேன், அவள் பதிலுக்குக் காத்திராமல். எழுதித்தான். "பச்சச் சேல நான்." பஞ்சுமிட்டாய்: "வெளையாடாதீங்கக்கா." விளையாடவில்லை என்றேன். ஒருத்தி வெளியேறிவிட்டாள். இன்னொருத்தி, "ரூலும் போட்டுட்டு எங்களையே திட்டுனீங்களா? நல்லாருக்கு" என்றாள். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல.

அறுபத்திரண்டா என்று யாரோ கேட்டார்கள். அதற்கும் ஆமாம்.

ஐப்பசி 18, செவ்வாய்

நல்ல மழை. பின்பக்கம் ஓடு ஒழுகியது, பாத்திரம் வைத்தேன்.

ஒன்றும் இல்லை.

ஐப்பசி 19, புதன்

காலை பத்து மணி வாக்கில் நிலா. அவளும் குரலில். பின்னால் முட்டை வண்டி ஏற்றும் சத்தம், யாரோ "மெதுவாடா, மெதுவாடா" என்கிறார்கள்.

"கோவம் போகலைங்க. போற மாதிரியும் தெரியல. அக்கான்னு கூப்பட வாய் வரமாட்டீங்குது. டீச்சர்ன்னு கூப்படவே மாட்டேன். என்னன்னு கூப்படறதுன்னு பொறவு பாத்துக்கலாம்."

வண்டி கிளம்பும் சத்தம்.

"ஒண்ணு கேக்கறேன், அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. நான் வெளிய படில உக்காந்திருந்தேன். கதவச் சாத்தீட்டாங்க. பாட்டு ஆரம்பிச்சது தெரிஞ்சுது, ஆனா தண்ணிக்குள்ள இருந்து கேக்கற மாதிரித்தான் கேட்டுச்சு. நீங்க உள்ளதான இருந்தீங்க. அவன் பாடறப்ப நீங்க பாத்தீங்களா, இல்ல தலையக் குனிஞ்சுட்டு உக்காந்திருந்தீங்களா?"

குனிந்துகொண்டிருந்தேன் என்று சொல்லலாம். அவள் கொஞ்சம் இறங்கி வருவாள். இரண்டு பேருமே பார்க்கவில்லை என்றால் ஒரு நியாயம் மாதிரி இருக்கும். விரல் பட்டன் மேல் இருந்தது. அடுப்பில் பருப்பு.

அணைத்துவிட்டு வந்து பேசினேன்.

"பாத்தேன். கண்ண எடுக்காமப் பாத்தேன். நீ வெளிய இருக்கறது தெரியும், தெரிஞ்சே பாத்தேன். ரொம்ப நல்லாருந்துச்சு. அழுதேன். அதத்தான் என்னால யாருகிட்டயும் சொல்ல முடியல."

அனுப்பினேன். கேட்டாள். நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் சோறு போடலாமா என்று கேட்டுவிட்டுத் தானே போட்டுக்கொண்டார்.

பிறகு ஒரே சொல். "சொல்லுங்க."

சொன்னேன். மேடை முழுக்க இருட்டாக இருந்ததை. மற்ற நாலு பேரும் ஓரத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டதை. அவன் பழைய சட்டை போட்டிருந்ததை, ஒரு பட்டன் வேறு நிறத்தில். இசை தொடங்கியும் அவன் தொடங்காமல் நின்றதை. அத்தனை ஆயிரம் விளக்கும் அசையாமல் காத்துக்கொண்டிருந்ததை. முதல் வரிக்கு முன்னால் அவன் கையைத் தூக்கித் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டதை, பல்வலிக்காரர் கன்னத்தைத் தொடுகிற மாதிரி, மெதுவாக.

துண்டு துண்டாகப் பேசி அனுப்பினேன். ஒவ்வொன்றையும் உடனுக்குடன் கேட்டாள்.

தொண்டையைத் தொட்டதைச் சொன்னதும் எழுத்தில் வந்தது:

"எந்தக் கைல தொட்டான்? எழுதறப்ப தப்பா வரக்கூடாது."

கண்ணை மூடி நினைத்துப் பார்த்தேன். இடது கை.